பள்ளத்து வயலில் இருந்த பைப்புகள்

போன வாரம், நம் தோட்டக்கலைத் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒரு பெண் எனக்குப் போன் செய்து, "மேடம், மானிய ஆய்வுக்கு முதல் தடவையா போறேன். வயலுக்குப் போனதும் முதல்ல எதைப் பாக்கணும்?" என்று கேட்டார். பட்டா எண்ணைப் பார், போட்டோவில் ஜி.பி.எஸ். இடக்குறி சரியாக விழுகிறதா பார் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. அதையெல்லாம் உங்கள் கையில் இருக்கும் செயலியே சொல்லிக் கொடுத்துவிடும். நான் சொல்லியிருக்க வேண்டியது வேறு. அதைச் சொன்னால் என் மானம் கொஞ்சம் போகும் என்பதால் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை. ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகிவிட்டது. இனி போனால் போகட்டும்.

இந்த மலையில் காய்கறி விவசாயிகளின் மானிய விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது இருபது வருஷத்துக்கும் மேலாக என் வேலையாக இருந்தது. என் முதுகுக்குப் பின்னால் எனக்கு 'பூதக்கண்ணாடி' என்று ஒரு பெயர் இருந்தது. உங்களுக்கும் தெரிந்திருக்கும், தெரியாத மாதிரி நடிக்க வேண்டாம். அந்தப் பெயர் வந்தது ஒரு பைப் வியாபாரியால். தெளிப்பு நீர்ப் பாசன செட்டுக்கு விவசாயி முதலில் தன் கைக்காசைப் போட வேண்டும், நாம் போய்ப் பார்த்து எழுதின பிறகுதான் மானியம் அவர் கணக்குக்குப் போகும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த வியாபாரி ஒரே செட் பைப்பை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு, எனக்கு முன்னால் முன்னால் ஓடி, நாலு வயலில் விரித்துக் காட்டினார். மூன்றாவது வயலில் ஒரு பைப்பின் முனையில் ஏதோ கடித்த மாதிரி ஒரு வெட்டு கண்ணில் பட்டது. நாலாவது வயலிலும் அதே வெட்டு. "இந்த பைப்பு எனக்கு முந்தியே இங்க வந்துருச்சே, கால் வலிக்கலையாமா?" என்று கேட்டேன். மனிதர் ஜீப்பை எடுத்துக்கொண்டு போனவர்தான், அப்புறம் என் கண்ணில் படவே இல்லை. அலுவலகத்தில் பாராட்டினார்கள். எனக்குத் தலைக்கனம் ஏறியது. அன்றிலிருந்து எந்த வயலுக்குப் போனாலும் திருட்டைத் தேடித்தான் என் கண் போகும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். என் கண்ணுக்கு எல்லாப் பைப்பும் திருட்டுப் பைப்பாகத் தெரிய ஆரம்பித்தது.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருஷங்களுக்கு முன், ஒரு ஜனவரியில், ராஜேஸ்வரி என்பவரின் வயலுக்கு ஆய்வுக்குப் போனேன். ஊட்டியிலிருந்து அவலாஞ்சி போகிற சாலையில், ஒரு பள்ளத்தாக்கின் நடுச் சரிவில் அரை ஏக்கர். கணவர் மேட்டுப்பாளையம் மண்டிக்குக் காய்கறி லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். கேரட் விதைப்பதிலிருந்து மூட்டை கட்டுவது வரை எல்லாம் ராஜேஸ்வரிதான். தெளிப்பு செட் வாங்க மகளிர் குழுவில் கடன் எடுத்திருந்தார். மார்ச் முடிவதற்குள் அதைத் திருப்பினால்தான் அடுத்து நிற்கிற பெண்ணுக்கு முறை வரும். மானியத்தை நம்பித்தான் அந்த வாக்கைக் கொடுத்திருந்தார்.

நான் போன நேரம் பகல் பதினொரு மணி. கேரட் பச்சைப் பசேலென்று இருந்தது. தெளிப்பு பைப்பை மாட்டுகிற தண்ணீர்க் குழாயின் வாய் இருந்தது. பைப் ஒன்றுகூட இல்லை.

"பைப்பு எங்கே?" என்று கேட்டேன்.

"இருக்குதுங்க மேடம்."

"அதான், எங்கே இருக்கு?"

"பக்கத்துலதானுங்க. அடுத்த வாரம், இல்லாட்டி அதுக்கடுத்த வாரம் கொண்டாந்துருவனுங்க."

"தேதி பாத்து வர்றதுக்கு அது என்ன சம்பந்தி வீட்டு விருந்தா?"

அவர் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு சேலைத் தலைப்பைத் திருகினார். ஒரு முறை கீழே பள்ளத்தின் பக்கம் பார்த்தார். நான் அதையும் கவனித்தேன். யாரோ ஒரு பைப் வியாபாரியின் ஜீப் வருகிறதா என்று பார்க்கிறார் என்று எனக்கு நானே முடிவு செய்துகொண்டேன். வரப்பில் நின்றபடியே படிவத்தில் எழுதினேன். 'உபகரணங்கள் பயனாளியின் வயலில் இல்லை. மானியத்துக்குப் பரிந்துரைக்கப்படவில்லை.' எழுதி முடித்ததும் நல்ல வேலை செய்தேன் என்ற திருப்தி. போகும்போது அவர் டீ குடிக்கக் கூப்பிட்டார். வேண்டாம் என்றேன். தப்பு செய்தவர் வீட்டு டீயைக் குடிப்பதில்லை என்பது என் கொள்கை.

ஐந்தாறு நாள் கழித்து, உறைபனியில் சேதமான பயிரைக் கணக்கெடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. பனியை வெயிலுக்கு முன்னால் போய்ப் பார்த்தால்தான் உண்டு. காலை ஆறரை மணிக்கெல்லாம் அதே பள்ளத்தாக்கின் தலைப்பில் ஜீப்பை விட்டு இறங்கி நடந்தேன். புல், வரப்பு, வேலிக் கம்பி எல்லாம் உப்புப் பூத்த மாதிரி வெள்ளை. கீழே இறங்க இறங்கக் காது மடல் எரிந்தது. அடிப் பள்ளத்திலிருந்து மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது.

ஓடையை ஒட்டிய உருளைக்கிழங்கு வயலில் நாலைந்து பேர் நின்றார்கள். தெளிப்பான்கள் சுற்றிக்கொண்டிருந்தன. முழங்கால் வரை நனைந்து, தலையில் மஃப்ளரைக் கட்டிக்கொண்டு, பைப்பின் ஒரு முனையைத் தூக்கி அடுத்த வரிசைக்கு நகர்த்திக்கொண்டிருந்தவர் ராஜேஸ்வரி. மறு முனையைப் பிடித்திருந்தவர் எழுபதை நெருங்கும் ஒரு மனிதர். பைப்பின் மேல் எண் அச்சடித்திருந்தது. விண்ணப்பத்தில் நான் பார்த்த அதே எண்.

என்னைப் பார்த்ததும் ராஜேஸ்வரியின் முகம் மாறியது. ஆனால் பைப்பைக் கீழே போடவில்லை.

"ஒரு நிமிசம் இருங்க மேடம். இந்த வரிசை முடிஞ்சுரட்டும். வெயில் வந்துட்டிருக்குது."

திரும்பிப் பார்த்தேன். எதிர் மலையின் உச்சியில் வெயில் விழுந்து, கோடு போட்ட மாதிரி கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அது செடியைத் தொடுவதற்குள் இலையில் இருக்கிற பனியைக் கழுவிவிட வேண்டும். பனியோடு வெயில் பட்டால் உருளைச் செடி வெந்த கீரை மாதிரி கறுத்துத் தொங்கிவிடும். இது எனக்குத் தெரியாததா? பயிற்சி வகுப்பில் நானே பாடம் எடுத்திருக்கிறேன். ஆனால் ஒரு வயலுக்காக நாலு வீட்டுக்காரர்கள் வெயிலோடு பந்தயம் ஓடுவதை அன்றுதான் பார்த்தேன். கடைசி வரிசையில் தண்ணீர் விழுந்து, அதற்குப் பிறகு வெயில் வயலின் ஓரத்தைத் தொட்டபோது, அந்தப் பெரியவர் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அவர் பெயர் சுப்பையா. சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து பதினேழு வயதில் பெற்றோரோடு வந்தவர். முப்பது வருஷமாக அந்தப் பள்ளத்தில் பயிர் செய்கிறார். நிலம் அவருடையது இல்லை. கோயம்புத்தூருக்குப் போய்விட்ட ஒருவர் வாய் வார்த்தையாக விட்டுக் கொடுத்தது. பட்டா இல்லாததால் எந்த மானியப் பட்டியலிலும் அவர் பெயர் வராது. நான் கேட்காமலே அவர்தான் பேசினார்.

"பனிக் காலத்துல பைப்பு கீழதான் அம்மா இருக்கும். யாரு வாங்குன பைப்பா இருந்தாலும் சரி. பனி மொதல்ல பள்ளத்துலதான் எறங்கும். சிவராத்திரிக்குச் சிவ சிவான்னு பனி போயிரும். அப்புறம் அவங்கவங்க பைப்பு அவங்கவங்க வயலுக்குப் போயிரும். இது நேத்து இன்னைக்கு வந்த பழக்கம் இல்ல."

"அன்னைக்கே இதைச் சொல்லியிருக்கலாமே?" என்று ராஜேஸ்வரியிடம் கேட்டேன். என் குரலில் இன்னும் கொஞ்சம் அதிகாரம் மிச்சம் இருந்தது.

"சொன்னா, அடுத்தவங்க வயல்ல இருக்குது, எடுங்கன்னு சொல்லுவீங்கங்க. எடுத்தா ஐயாவோட கெழங்கு ஒரே காலைல போயிருமுங்க. எனக்கு மானியம் ஒரு மாசம் லேட்டா வந்தா என்னங்க, பனி போனதும் நீங்க மறுக்கா வந்து பாத்துக்குவீங்கன்னு நெனச்சனுங்க." கொஞ்சம் நிறுத்தி, "வருவீங்கல்லங்க?" என்றார்.

அவருக்கு நான் எழுதிய வாசகத்தின் பொருள் தெரிந்திருக்கவில்லை. 'பரிந்துரைக்கப்படவில்லை' என்றால் மறுபடி வந்து பார்ப்பது என்பது கிடையாது. அந்த விண்ணப்பம் அத்தோடு முடிந்தது. நனைந்த கையோடு அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். எனக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "வர்றேன்" என்று தலையாட்டினேன். அன்று அவர் வீட்டில் டீ குடித்தேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நான் முதல் நாள் எழுதியதில் பொய் எதுவும் இல்லை. பைப் வயலில் இல்லை, இல்லை என்றுதான் எழுதினேன். விதிப்படி எல்லாம் சரி. ஆனால் 'பைப்பு எங்கே' என்பது போலீஸ்காரர் கேட்கிற கேள்வி. அப்படிக் கேட்டால் எதிரில் நிற்பவர் யாரையாவது காப்பாற்றத்தான் பார்ப்பார். 'இந்தப் பக்கம் பனி எப்படிங்க?' என்று ஆரம்பித்திருந்தால், அவரே என்னைக் கையைப் பிடித்துக் கீழே கூட்டிப் போயிருப்பார். ஐந்து நிமிடப் பேச்சு. அதை மிச்சம் பிடித்துவிட்டு, ஒரு குடும்பத்தின் ஒரு வருஷத்து நிம்மதியை அடித்துவிட்டு வந்திருந்தேன்.

நேராக எங்கள் அலுவலரிடம் போனேன். என்னைவிட வயதில் சின்னவர், நல்ல மனிதர். ஆண்டு முடிவு நெருங்கிக்கொண்டிருந்ததால் அவர் மேஜையில் கோப்புகள் கழுத்து வரை இருந்தன. முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"இதுக்கு ஏன் மேடம் இவ்வளவு கவலை? பைப்பை ஒரே ஒரு பகல் மேலே கொண்டு வரச் சொல்லுங்க. விரிச்சு ஒரு போட்டோ எடுங்க. முன்னாடி போனப்ப பழுது பாக்கக் கொடுத்திருந்தாங்கன்னு ஒரு வரி போட்டுருங்க. சாயங்காலம் திரும்பக் கீழே கொண்டு போகட்டும். யாருக்கு நஷ்டம்?"

யாருக்கும் நஷ்டம் இல்லைதான். சரி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். மறைக்காமல் சொல்கிறேன், அது எனக்கும் வசதியாக இருந்தது. என் தவறு எங்கேயும் பதிவாகாது. ஆனால் அந்த நேரத்தில் ஒன்று உறைத்தது. அடுத்த ஜனவரியில் தணிக்கைக்கு யாராவது வருவார்கள். பைப் அப்போதும் பள்ளத்தில்தான் இருக்கும். அவர்கள் பழைய கோப்பைப் புரட்டி, 'பழுது என்றது பொய்' என்று கண்டுபிடிப்பார்கள். வாங்கின மானியத்தை அபராதத்தோடு திருப்பச் சொல்வார்கள். திருட்டுப் பட்டம் ராஜேஸ்வரிக்கு.

"சார், இப்ப தப்பு என் பேர்ல இருக்கு. அந்த போட்டோவை எடுத்தா அது அவங்க பேருக்கு மாறிடும்" என்றேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். "அப்ப என்ன பண்ணலாம்?"

"நடந்ததை நடந்தபடி எழுதித் தர்றேன்."

"எழுதுங்க. நான் அனுப்புறேன். ஆனா மேலேயிருந்து கேள்வி வந்தா உங்களைத்தான் கேப்பாங்க."

"கேக்கட்டும் சார்."

தைரியமாகச் சொல்லிவிட்டேன். வீட்டுக்குப் போய் எழுத உட்கார்ந்தபோது கை ஓடவில்லை. 'என் முதல் ஆய்வு முழுமையற்றது' என்ற ஒரு வரியை எழுத எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. அத்தனை வருஷ வேலையில் அப்படி ஒரு வரியை நான் எழுதியதே இல்லை. அப்புறம் மற்றதெல்லாம் வேகமாக வந்தது. பனிக் காலத்தில் பைப்புகள் ஏன் பள்ளத்துக்குப் போகின்றன, யார் வயலில் இருக்கின்றன, எப்போது திரும்பும், எல்லாம் எழுதினேன். செட் விற்கப்படவில்லை, பயன்பாட்டில் இருப்பதை நேரில் கண்டேன் என்று முடித்தேன்.

மேலிடத்திலிருந்து மார்ச் நடுவில் பதில் வந்தது. யார் பயிர் செய்கிற வயலில் பைப் இருந்ததோ அவரே எழுத்தில் கையெழுத்துப் போட்டுத் தந்தால் பரிசீலிக்கலாம். பள்ளத்தாக்குக்கு ஓடினேன். அந்தக் காகிதத்தைச் சுப்பையாவிடம் நீட்டியதும், மனிதர் அதைத் தொடவே இல்லை.

"காகிதம் வேணாம் அம்மா," என்றார். "ஒரு காகிதத்துல பேர எழுதித்தான் எங்களை சிலோன்ல இருந்து கப்பல்ல ஏத்துனாங்க. இந்த நெலத்துக்காரர் காதுக்குப் போனா என்ன நெனப்பாரு? நெலத்துக்கு உரிமை கேக்குறான்னு நெனச்சா, நாளைக்கே எறங்குன்னு சொல்லிருவாரு. இந்த வயசுல நான் எங்க போவேன்?"

அவர் பயம் நியாயமானது. கையெழுத்துப் போடுங்கள் என்று வற்புறுத்த எனக்கு என்ன உரிமை? ஒருவர் மானியத்துக்காக இன்னொருவர் நிலத்தைப் பணயம் வைக்கச் சொல்ல முடியுமா? ராஜேஸ்வரியும் அப்படித்தான் சொன்னார்.

"விடுங்க மேடம். ஐயாவத் தொந்தரவு பண்ணாதீங்க. குழுவுல நான் எப்படியாச்சும் பேசிக்கிறனுங்க."

எப்படியாச்சும் என்றால் எப்படி என்று எங்கள் மூன்று பேருக்குமே தெரியாது. அன்று ஜீப்பில் திரும்பும்போது எனக்கு அழுகை வந்தது. டிரைவர் பார்க்கக் கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை, அலுவலகம் திறப்பதற்கு முன்பே சுப்பையா வாசலில் நின்றார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, ஸ்வெட்டர், கையில் ஒரு மஞ்சள் பை. முதல் பஸ் பிடித்துத் தனியாக வந்திருந்தார். ராஜேஸ்வரியிடம் சொல்லவில்லை.

"நெலத்துக்காரருக்கு நானே போன் போட்டுச் சொல்லிட்டேன் அம்மா. பைப்பு நம்ம வயல்ல இருந்துச்சு, கவர்மெண்டுக்கு எழுதிக் குடுக்கணுமாம்னேன். இருந்தா என்ன, குடுன்னாரு." சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரெண்டு ராத்திரி தூங்காம கெடந்தேன். ஒரு நிமிசத்துல முடிஞ்சு போச்சு. அந்தப் புள்ளைக்கு வர வேண்டியது என்னால நிக்கக் கூடாது."

மானியம் வந்ததா என்று நீங்கள் கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். வந்தது. மார்ச் முடிவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது ராஜேஸ்வரியின் கணக்கில் விழுந்தது. குழுவில் அடுத்த பெண்ணுக்கு முறை தவறவில்லை. என்னிடம் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது, பதில் எழுதினேன், அதுவும் முடிந்தது. ராஜேஸ்வரியிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். "நாந்தானுங்க சொல்லாம விட்டேன்" என்று அவர் பழியைத் தன் மேல் இழுத்துக்கொள்ளப் பார்த்தார். நான் விடவில்லை.

ஆனால் எனக்கு அதிகம் நினைவில் நிற்பது சுப்பையா கையெழுத்துப் போட வந்த அந்தக் காலைதான். அவருக்குப் படிக்க வராது, பெயர் மட்டும் எழுதுவார். எதிலே கையெழுத்துப் போடுகிறார் என்று தெரிய வேண்டுமே என்று, என் அறிக்கையை முதலிலிருந்து வாசித்துக் காட்டினேன். ஒரு வரியில் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அத மறுபடி படிங்க அம்மா."

படித்தேன். 'மேற்படி பள்ளத்தில் முப்பது ஆண்டுகளாக உருளைக்கிழங்கு பயிர் செய்துவரும் விவசாயி திரு. சுப்பையா அவர்களின் வயலில்...'

"விவசாயின்னா எழுதிருக்கீங்க?"

"ஆமாங்க ஐயா. வேற எப்படி எழுதறது?"

அவர் ஒவ்வொரு எழுத்தாக நிதானமாகத் தன் பெயரை எழுதி முடித்தார். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்த வரி இருக்கிற பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார். எனக்குச் சங்கடமாகிவிட்டது. ஏமாந்துவிடக் கூடாதே என்று உள்ளதைச் சொன்னேன்.

"இது பட்டா இல்லைங்க ஐயா. இதை வெச்சு மானியமோ கடனோ எதுவும் கேக்க முடியாது."

"தெரியும் அம்மா," என்றார். "சிலோன்ல குடுத்த காகிதம் ஊட்டுல பத்திரமா இருக்கு. அதுல அப்பா பேருக்கு நேரா கூலின்னு போட்டிருக்கும். அதுக்குப் பக்கத்துல இதையும் வெக்கலாம்னு பாத்தேன்."

நான் எழுந்து போய் ஜெராக்ஸ் எடுத்தேன். ஒன்று கிழிந்தால் இன்னொன்று இருக்கட்டும் என்று இரண்டாகவே எடுத்துக் கொடுத்தேன்.